டாக்டரிடம் என்ன சொல்வது?

கொல்லங்கோடு. காலை ஏழு மணி. தெற்கே நெல்லியாம்பதி மலை தெரிகிறது. முதலமடை மாந்தோப்புகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.

ஓர் அம்மா மட்டும் இன்று போகவில்லை. அவருக்கு வயது 56. இரண்டு வாரமாகக் கால் வீங்குகிறது. செருப்பு ஏறவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ரத்தக் கொதிப்பும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

மகள் சொன்னாள்: "அம்மா, போன்லயே டாக்டரப் பாக்கலாம். காசு வேண்டாம். நீ உக்காரு."

மகள் போனில் பதிவு செய்தாள். டோக்கன் வந்தது. சற்று நேரத்தில் திரையில் ஒரு டாக்டரம்மா தோன்றினார்.

"என்னம்மா செய்யுது?"

"உடம்பே சரியில்லீங்க டாக்டர். காலு வீங்குது."

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"வெள்ளை மாத்திரை ஒண்ணு. சின்னது. அப்புறம் கொஞ்சம் பெரிசா ஒண்ணு."

"பேரு என்னம்மா?"

அம்மா மகளைப் பார்த்தார். மகள் ஓடிப்போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள். பெயர் இருந்த பக்கத்தைக் கடைக்காரர் எப்போதோ வெட்டி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்.

"கடைசியா சர்க்கரை எவ்வளவு இருந்தது?"

"நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "அம்மா, விவரம் தெரியாம மருந்து எழுத முடியாது. சீட்டு, மாத்திரை எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு நாளைக்குக் கூப்பிடுங்க. இதுக்கு நடுவுல மூச்சு முட்டினா காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

"இவ்வளவு நேரம் காத்திருந்தது இதுக்குத்தானா?" என்று அம்மாவுக்குக் கோபம் வந்தது.

இந்த அம்மா ஒரு கற்பனைதான். ஆனால் இப்படிப்பட்ட பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. டாக்டரம்மா ஏன் மருந்து எழுதவில்லை?

ஆஸ்பத்திரிக்கு நேரில் போகிறோம். அங்கே டாக்டர் நாம் நடந்து வரும்போதே பார்க்கிறார். மூச்சு வாங்குகிறதா என்று பார்க்கிறார். வீங்கிய காலைக் கட்டை விரலால் அழுத்துகிறார். குழி விழுகிறதா என்று பார்க்கிறார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிறார். நாம் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது.

போனில் அவருக்குத் தொட வழியில்லை. நாம் சொல்வதும் காட்டுவதும்தான் அவருக்குக் கிடைக்கும்.

கால் வீக்கத்தையே எடுத்துக்கொள்வோம். இதயம் பலவீனமானால் கால் வீங்கலாம். சிறுநீரகம் கெட்டால் வீங்கலாம். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கிற அம்லோடிபின் என்ற மாத்திரையாலும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். மேல் வலிக்குக் கடையில் வாங்கிப் போடுகிற டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளாலும் வீங்கும். அந்த வலி மாத்திரை ரத்தக் கொதிப்பையும் ஏற்றும். சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவர்கள் தினமும் அதைப் போட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகலாம்.

இதயமா, சிறுநீரகமா, மாத்திரையா என்பதைப் பொறுத்து வைத்தியமும் மாறும். "சின்ன வெள்ளை மாத்திரை" என்றால் டாக்டர் எதை நினைப்பார்? மருந்துக் கடையில் உள்ள மாத்திரைகளில் பலவும் சின்ன வெள்ளை மாத்திரைகள்தாம்!

இன்னொன்றும் உண்டு. போனில் வைத்தியம் பார்ப்பதற்கு இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று நெறிமுறைகளை வெளியிட்டது. நோய் இன்னது என்று ஓரளவாவது தெரியாமல் மருந்து எழுதினால் அது தொழில் தவறு என்று அதில் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த டாக்டரம்மா செய்தது சரி.

மிதி ரேடியோ வைத்தியம்

தூரத்தில் இருக்கும் டாக்டரிடம் நோயைச் சொல்வது புதிய விஷயம் அல்ல. ஆஸ்திரேலியா மிகப் பெரிய நாடு. அதன் நடுப்பகுதியில் ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் நடுவே பல மைல் தூரம். டாக்டர் கிடையாது. 1928-இல் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் அங்கே ஒரு சேவையைத் தொடங்கினார். டாக்டர் விமானத்தில் பறந்து வருவார். "பறக்கும் டாக்டர்" என்று அதற்குப் பெயர்.

டாக்டரைக் கூப்பிட வேண்டுமே? அந்தப் பண்ணைகளில் மின்சாரம் இல்லை. ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் ஒரு ரேடியோ செய்தார். சைக்கிள் மிதிப்பதுபோல் காலால் மிதித்தால் அதற்கு மின்சாரம் கிடைக்கும். 1929 முதல் பண்ணைகளில் அது வந்தது. ஒருவர் மிதித்துக்கொண்டே டாக்டருக்குச் செய்தி அனுப்புவார்.

ஆனால் அங்கேயும் இதே தொல்லைதான். "வயிற்று வலி" என்பார்கள். வயிற்றில் எங்கே? "அந்தப் பச்சை மருந்து இருக்கிறது" என்பார்கள். எந்தப் பச்சை மருந்து?

1942 முதல் பண்ணைகளுக்கு மருந்துப் பெட்டிகள் கொடுத்தார்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே மருந்துகள். ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். உடம்பின் படத்தையும் கொடுத்தார்கள். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் இருந்தது. வலிக்கிற இடத்தின் எண்ணைச் சொன்னால் போதும். டாக்டரும் மருந்தின் எண்ணைச் சொல்லுவார். பாட்டியும் சொல்லலாம், சின்னப் பையனும் சொல்லலாம். குழப்பம் வராது.

நம் வீட்டுக்கு அப்படி ஒரு பெட்டி வரவில்லை. வந்தது ஒரு போன். 2020-இல் கொரோனா காலத்தில் ஊர் அடங்கிக் கிடந்தபோது, ஏப்ரல் மாதம் இந்திய அரசு "இ-சஞ்சீவனி" வழியாக மக்கள் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்க வழி செய்தது. ஜூன் மாதம் கேரளத்திலும் அது தொடங்கியது. 2023 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் 10 கோடி தடவைக்கு மேல் மக்கள் அதில் ஆலோசனை பெற்றுவிட்டார்கள். கட்டணம் இல்லை.

ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் என்ன செய்வது? துணை சுகாதார மையத்துக்குப் போகலாம். அங்குள்ள நர்ஸ் தம் கணினி வழியாக டாக்டரோடு பேச வைப்பார். ரத்தக் கொதிப்பை அளந்தும் சொல்வார். வயதானவர்களுக்கு இதுவே நல்ல வழி. ஆஷா பணியாளரிடம் கேட்டால் எந்த நாளில் போகலாம் என்று சொல்வார்.

பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

அந்த அம்மாவின் வீட்டுக்குத் திரும்பி வருவோம். மாலையில் மகள் ஒரு வேலை செய்தாள். வீட்டில் இருந்த மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பாயில் கொட்டினாள். அலமாரியில் இருந்தவை, தலையணைக்கு அடியில் இருந்தவை, அம்மாவின் சுருக்குப் பையில் இருந்தவை, எல்லாம் வந்தன.

சுருக்குப் பையிலிருந்து ஒரு சிவப்பு மாத்திரை அட்டை விழுந்தது.

"இது என்னம்மா?"

"அது மாத்திரையில்லடி. மேல் வலிக்குப் போடறது. மாங்கா சுமந்தா முதுகு பிடிச்சுக்குதில்ல? கடையில குடுத்தாங்க."

"எத்தனை நாளாப் போடற?"

"மாங்கா சீசன் ஆரம்பிச்சதுலேர்ந்து. தெனமும் ராத்திரி ஒண்ணு."

இதுதான் பலரும் சொல்லாமல் விடுகிற விஷயம். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மருந்து என்று நினைக்கிறோம். கடையில் கேட்டு வாங்கியது கணக்கில் வருவதில்லை. வைத்தியர் கொடுத்த கஷாயம், சூரணம், லேகியம், பக்கத்து வீட்டு அக்கா "எனக்குக் கேட்டது" என்று கொடுத்த மாத்திரை, இவையும் கணக்கில் வருவதில்லை. உடம்புக்குள் போகிற எல்லாமே டாக்டருக்குத் தெரிய வேண்டும். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். பீடி, வெற்றிலை புகையிலை, மது எல்லாவற்றையும் சொல்லலாம். சொன்னால்தான் மருந்து சரியாக அமையும்.

மாத்திரை அட்டையை வெட்டி வாங்கும்போது கவனியுங்கள். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி நம்மிடம் இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் கடைக்காரரிடம் பில் கேளுங்கள். அட்டையில் பெயர் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரியாவிட்டால் குறையில்லை. அட்டையை அப்படியே போன் கேமராவுக்கு முன்னால் காட்டலாம். முதல் நாளே தெளிவாகப் படம் பிடித்தும் வைக்கலாம். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதைத் தமிழில் எழுதி அதன்மேல் ஒட்டலாம். அதற்கு நாம் கற்ற எழுத்து போதும்.

ஒவ்வாத மருந்து ஏதாவது உண்டா? ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்துப்போனதுண்டா? அதை முதலிலேயே சொல்ல வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால், அல்லது மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால், கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். சில மருந்துகள் வயிற்றுக் குழந்தைக்கு ஆகாது. குழந்தைக்கு வைத்தியம் என்றால் எடை தெரிய வேண்டும். குழந்தைக்கு மருந்தின் அளவை எடையைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

"நல்லா இருக்கு" என்பது எவ்வளவு?

சர்க்கரை நல்லா இருக்கு என்று சொன்னால் போதாது. எண் வேண்டும். எண் மட்டும் இருந்தாலும் போதாது. 160 என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 160 என்றால் ஒரு பொருள். வெறும் வயிற்றில் 160 என்றால் வேறு பொருள். ஆகவே தேதி, வெறும் வயிறா சாப்பிட்ட பிறகா, எண் எவ்வளவு என மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும்.

ரத்தக் கொதிப்புக்கு இரண்டு எண்கள் உண்டு. மேல் எண், கீழ் எண். இரண்டையும் எழுத வேண்டும். அளப்பதற்கு முன்பு ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். மலை ஏறி வந்தவுடன் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும்.

காய்ச்சல் என்றால், "உடம்பு கொதிக்குது" என்பதைவிட தெர்மாமீட்டர் காட்டிய அளவு நல்லது.

எப்போதிலிருந்து என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். "நென்மாறை வேலா முடிஞ்சதுலேர்ந்து" என்றால் கொல்லங்கோட்டில் எல்லோருக்கும் புரியும். திரையில் வருகிற டாக்டர் வேறு மாவட்டத்தில் இருக்கலாம். அவர் நென்மாறை வேலா பார்த்திருக்க மாட்டார். காலண்டரைப் பார்த்து, "ஏப்ரல் 4 முதல்" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மயக்கமா, மயக்கமா?

சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் நிறைய. இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களிலும் அப்படித்தான். மலையாளம் நமக்குப் புரியும். ஆனால் உடம்புக்கு முடியாதபோது வாயில் வருவது தாய்மொழிதான். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது.

"எனக்கு மயக்கமா இருக்கு" என்று தமிழில் சொல்கிறோம். தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது, விழுந்துவிடுவேன் போலிருக்கிறது என்று பொருள். மலையாளத்தில் "மயக்கம்" என்றால் பெரும்பாலும் தூக்கக் கலக்கம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தால், சர்க்கரை மிகவும் குறைந்திருக்கலாம். அது ஆபத்து. வெறும் தூக்கக் கலக்கம் என்று டாக்டர் நினைத்துவிட்டால் என்ன ஆகும்?

"பனி" என்ற சொல்லும் அப்படித்தான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து புதிதாக வாழ வந்த பெண்ணிடம் டாக்டர் "பனி உண்டோ?" என்று கேட்பார். மார்கழிப் பனியைக் கேட்கிறார் என்று அவள் நினைக்கக்கூடும். அவர் கேட்பது காய்ச்சல்.

இதற்கு ஒரு வழி உண்டு. நோயின் பெயரைச் சொல்லாமல் நடப்பதைச் சொல்ல வேண்டும். "எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. கண் இருட்டுகிறது. நேற்று ஒரு தடவை விழுந்துவிட்டேன்." இப்படிச் சொன்னால் எந்த மொழி டாக்டருக்கும் விளங்கும். டாக்டர் சொன்னது விளங்காவிட்டால், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க வெட்கம் வேண்டாம். அவர் சொன்னதை நாம் திருப்பிச் சொல்லிக் காட்டினால் தவறு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

படம் எடுக்கும்போது

புண், தடிப்பு, வீக்கம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் புண்ணின் அளவு தெரியும். ரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் எடுக்கும்போது முழுத் தாளும் வர வேண்டும். பெயரும் தேதியும் விட்டுப்போகக் கூடாது. பேசும்போது ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் டாக்டருக்கு முகம் கறுப்பாகத்தான் தெரியும்.

பதிவு செய்யும்போது போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதை நீங்களே போட வேண்டும். "ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம், எண்ணைச் சொல்லுங்கள், பணம் கட்டுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் சொல்லாதீர்கள். பதிவு செய்யத் தெரியாவிட்டால் அக்ஷயா மையத்திலோ படிக்கிற பிள்ளைகளிடமோ உதவி கேட்கலாம். ஆனால் சொல்லக் கூச்சமான நோய் என்றால் டாக்டரிடம் பேசும்போது பக்கத்தில் யார் இருக்கலாம் என்பதை நோயாளிதான் முடிவு செய்ய வேண்டும்.

சில நேரங்களில் போனையே எடுக்கக் கூடாது. நெஞ்சை அழுத்துகிற வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுந்துபோதல், பேச்சுக் குழறல், நிற்காத ரத்தம், வலிப்பு, பாம்புக்கடி. இவற்றுக்கு டோக்கன் போட்டுக் காத்திருக்க நேரம் இல்லை. 108-ஐக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும். தோப்பு வேலைக்காரர்கள் பாம்புக்கடி பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. என்ன செய்வது என்று சந்தேகமாக இருந்தால் கேரள அரசின் "திசா" உதவி எண் 1056. இரவும் பகலும் பேசலாம்.

இரண்டாம் நாள்

மறுநாள் காலை. அம்மா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். மடியில் ஒரு தாள். மகள் சொல்லச் சொல்ல அம்மாவே எழுதியது. எழுத்து கொஞ்சம் கோணல்தான்.

"வயது 56. எடை 61 கிலோ.
சர்க்கரை 8 வருடம். பிரஷர் 5 வருடம்.
ஏப்ரல் 4 முதல் இரண்டு காலும் வீக்கம். சாயங்காலம் அதிகம். வலி இல்லை.
மூச்சு முட்டல் இல்லை. படுத்தால் தூக்கம் வருது.
மார்ச் 10, சர்க்கரை வெறும் வயிற்றில் 148.
நேற்று நர்ஸ் பார்த்த பிரஷர் 160, 94.
மாத்திரை மூன்று. அட்டை காட்டணும்.
முதுகு வலி மாத்திரை, தினம் ஒன்று, மூன்று மாசமா.
கேட்க வேண்டியது: வேலைக்குப் போகலாமா?"

இன்று திரையில் வேறு டாக்டர். ஆனாலும் முதலிலிருந்து தடுமாற வேண்டியிருக்கவில்லை. அம்மா தாளைப் படித்தார். மகள் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். சிவப்பு அட்டை வந்ததும் டாக்டர், "அதைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க" என்றார்.

பிறகு மகளிடம், "அம்மா காலைக் கட்டை விரலால கொஞ்ச நேரம் அழுத்தி எடும்மா" என்றார். மகள் அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. அதைக் கேமராவில் காட்டினாள்.

"அம்மா, இந்த வலி மாத்திரைய இன்னையோட நிறுத்துங்க. மத்த மாத்திரை எதையும் நீங்களா நிறுத்தாதீங்க. நாளைக்குக் கொல்லங்கோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. கிரியாட்டினின்னு ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எழுதியிருக்கேன். சிறுநீரகம் எப்படி இருக்குன்னு அதுல தெரியும். டாக்டர் நேர்ல பார்த்து நெஞ்சையும் சோதிக்கணும். இந்தச் சீட்டைக் காட்டுங்க."

"அப்ப முதுகு வலிக்கு என்ன பண்றதுங்க டாக்டர்? மாங்கா கூடை தூக்கணுமே?"

டாக்டர் பாராசிட்டமால் எழுதினார். ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை நாள் என்றும் சொன்னார். ரிசல்ட் வரும்வரை கூடை தூக்க வேண்டாம் என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. சீசன் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

போனுக்குச் சீட்டு வந்தது. அடியில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. அம்மா பேனாவை எடுத்துத் தாளின் கடைசியில் இன்னும் இரண்டு வரி எழுதினார்.

"சிவப்பு மாத்திரை நிறுத்தியாச்சு.
நாளைக்கு ரத்தம், சிறுநீர். காலை எட்டு மணி பஸ்."